விருந்துக்குப் போனதே குற்றமா? – சட்டப் பகுதி, வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மகனுக்கு வயது 22, கோவையில் படிக்கிறான். நண்பனின் பிறந்தநாளுக்காகப் பொள்ளாச்சியை அடுத்த ஒரு தோட்டத்து விடுதிக்குச் சென்றிருந்தபோது, நள்ளிரவில் போலீசார் வந்து அங்கிருந்த அனைவரையும் வேனில் ஏற்றிச் சென்றனர். கைப்பேசியைத் திறக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். சிறுநீர் மாதிரியும் எடுத்திருக்கிறார்கள். மறுநாள் மாலை நான் போய்க் கையெழுத்திட்ட பிறகே அனுப்பினார்கள். வழக்கு எதுவும் இல்லை. இதற்குச் சட்டத்தில் இடமுண்டா?
– ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை

பதில்: அம்மா, சோதனையிடும் அதிகாரம் போலீசாருக்கு உண்டு. எம்.டி.எம்.ஏ. என்ற செயற்கைப் போதைப்பொருள் தமிழ்நாடு–கேரள எல்லையிலுள்ள வாளையாறு வழியாகக் கடத்தப்படுவது நம் பக்கத்தில் எவருக்கும் புதிய செய்தி அல்ல. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் 42ஆம் பிரிவு, நம்பத்தகுந்த தகவல் இருந்தால், காரணத்தை எழுதி வைத்துவிட்டு வாரன்ட் இல்லாமல் இரவிலும் நுழைய உரிய அதிகாரியை அனுமதிக்கிறது. ஆனால் அது உள்ளே நுழைவதற்கான அதிகாரமே தவிர, உள்ளே இருந்த அனைவரையும் அள்ளிச் செல்வதற்கானது அன்று. யார் வைத்திருந்தார், யார் உட்கொண்டார், யார் இடம் கொடுத்தார் என்று அச்சட்டம் ஆள் ஆளாகவே கேட்கிறது. 2019 மே மாதம் ஆனைமலை சேத்துமடை அருகே நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட இளைஞர்கள், பெரும்பாலும் கேரள மாணவர்கள், மொத்தமாகப் பிடிக்கப்பட்டதும், 2022 ஏப்ரலில் ஹைதராபாத் பப் ஒன்றில் இருந்தவர்கள் ஊழியர்கள் உட்பட நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டதும் முதலில் பிடித்துப் பிறகு சலிக்கும் முறையே. எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

எழுந்து போக முடியாதபடி ஒருவரை வைத்திருந்தால், அதற்கு விசாரணை என்று பெயர் சூட்டினாலும் அது காவல்தான். அப்போது காரணத்தைச் சொல்லவும் உறவினருக்குத் தகவல் தரவும் 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 47, 48ஆம் பிரிவுகள் கட்டளையிடுகின்றன. மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்கான 24 மணி நேரம் என்பது மேல் எல்லை மட்டுமே. அதுவரை வைத்துக்கொள்ளலாம் என்ற அனுமதி அல்ல. சிறுநீர், இரத்தம் எடுப்பது பற்றிய 51ஆம் பிரிவும் கைது செய்யப்பட்டவரைப் பற்றியே பேசுகிறது. கைதும் இல்லை, வழக்கும் இல்லை என்றால் எந்தப் பிரிவின் கீழ் மாதிரி எடுத்தார்கள் என்று நீங்கள் எழுத்தில் கேட்கலாம். கைப்பேசியைப் பொறுத்தவரை, பெங்களூரு விருந்து ஏற்பாட்டாளர் ஒருவரின் வழக்கில் 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம், அவசர நிலை தவிர மற்ற வேளைகளில் அதைத் திறந்து பார்க்க வாரன்ட் வேண்டும் என்றது. அத்தீர்ப்பு தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது. எனினும் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற 2017ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எங்கும் பொருந்தும்.

மகன் பீர் குடித்திருந்தால் என்ன ஆகும் என்ற கவலையும் உங்களுக்கு இருக்கலாம். தமிழ்நாட்டில் மது வாங்க வயது 21, கேரளத்தில் 23. ஆகவே எல்லையிலுள்ள கோபாலபுரத்துக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், அவனுக்கு விற்கக்கூடிய பீரைக் கேரளமான இந்தப் பக்கம் விற்கக் கூடாது. நம் பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டத்துக் கள்ளோ, அந்தப் பக்கம் எந்த வயதினருக்கும் தடை!

சம்பவம் தமிழ்நாட்டில் நடந்ததால் கோவை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். தமிழ்நாடு மாநில மனித உரிமை ஆணையத்துக்குச் செல்வதானால் ஓராண்டுக்குள் செல்ல வேண்டும். எதில் கையெழுத்திட்டீர்கள் என்பதன் நகலை முதலில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: இப்படிப்பட்ட இடத்தில் பெண் பிள்ளைகளை இரவில் கைது செய்யலாமா?
– வாசகர், வாளையாறு

பதில்: சூரியன் மறைந்த பிறகு, விதிவிலக்கான சூழல் தவிர, கூடாது, அப்போதும் பெண் அதிகாரி எழுத்துமூலம் மாஜிஸ்திரேட்டிடம் முன் அனுமதி பெற வேண்டும் என்கிறது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43ஆம் பிரிவு. இது கட்டாய விதியன்று, வழிகாட்டும் விதியே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025இல் கூறியது. ஆயினும் பின்பற்றாத அதிகாரி அதற்கு விளக்கம் தந்தாக வேண்டும். உடல் சோதனையைப் பெண்ணே செய்ய வேண்டும் என்பதில் மட்டும் எந்தத் தளர்வும் இல்லை.