வாசப்படி தாண்டினதும் வெடிக்கிறான், என்ன பண்றது டாக்டர்?

கேள்வி: டாக்டர், என் பையனுக்கு 7 வயசு, ரெண்டாங்கிளாஸ் படிக்கிறான். ஆட்டிசமும் ஏடிஹெச்டியும் (கவனக்குறைவு, அதீத துறுதுறுப்பு) சேர்ந்து இருக்குன்னு போன வருஷம் சொன்னாங்க, ஏடிஹெச்டிக்காக காலையில ஒரு மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை போட்டுட்டு ஸ்கூலுக்கு போறான். மிஸ்ஸை கேட்டா "தங்கமான பையன், சத்தமே வராது"ன்னு சொல்றாங்க. ஆனா சாயங்காலம் வேன்ல இருந்து இறங்கி வாசப்படி தாண்டினதும் பேக்கை தூக்கி எறியிறான், கத்துறான், தங்கச்சியை அடிக்கிறான், அரை மணி நேரத்துக்கு ஓயாது. நான் செல்லம் கொடுத்து கெடுத்துட்டேன்னு மாமியார் சொல்றாங்க. நான் எங்க தப்பு பண்றேன்? - கோவை வாசகி

பதில்: அம்மா, உங்க கடைசி வரிக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். நீங்க தப்பு எதுவும் பண்ணலை. ஸ்கூல்ல அமைதி, வீட்ல ஆர்ப்பாட்டம்னா வளர்ப்பு சரியில்லன்னு எல்லாரும் நினைச்சுக்கறாங்க, நான் பார்த்த வரைக்கும் நிஜம் அதுக்கு நேர் எதிர். காலையில இருந்து அடக்கி வச்சதை அவன் உங்ககிட்ட வந்துதான் இறக்கி வைக்கிறான், ஏன்னா நீங்க அவனை விட்டுட மாட்டீங்கன்னு அவனுக்கு தெரியும்.

அவனோட ஒரு நாளை கொஞ்சம் நினைச்சு பாருங்க. காலையில ப்ரேயர்ல மைக் சத்தம், கிளாஸ்ல நாப்பது பிள்ளைங்க, தலைக்கு மேல கிரீச்னு சுத்துற ஃபேன், கழுத்துல டை, மதியம் சாப்பிடுற இடத்துல ஒரே கூச்சல், பாத்ரூம் நாத்தம் தாங்காம ஒண்ணுக்கு போகாமலே அடக்கிட்டு இருக்கறது, கடைசியா வேன்ல முக்கா மணி நேரம் நெருக்கி உக்காந்து வர்றது. நமக்கு காதுல விழாம போற சத்தமெல்லாம் இந்த பிள்ளைங்களுக்கு முழுசா உள்ள இறங்கும். அதுக்கு மேல கையை ஆட்டக்கூடாது, எழுந்திருக்கக்கூடாது, மத்தவங்க சிரிக்கும்போது சிரிக்கணும்னு நாள் பூரா தன்னை கட்டிப்போட்டு வச்சிருக்கான். இதுக்கு மாஸ்க்கிங்னு பேரு. மிஸ் சொல்ற அந்த "சத்தமே வராது" சும்மா வரலைம்மா, அவன் பாடுபட்டு வாங்குற பேரு அது.

அடமும் இதுவும் ஒண்ணு இல்ல. அடம்னா கேட்டது கைக்கு வந்ததும் நின்னுடும், நீங்க பாக்குறீங்களான்னு ஓரக்கண்ணால பாத்துக்கிட்டே அழுவாங்க. இதுல கேட்டதை கொடுத்தாலும் நிக்காது, அந்த நேரம் அவன் கையில கன்ட்ரோலே இல்ல. ரெண்டு போட்டா சரியாயிடும்னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு கேக்காதீங்க, ஏற்கனவே பயந்து போயிருக்கற மூளைக்கு அது இன்னொரு பயம்தான்.

இப்ப நீங்க பெருசா எழுதாம விட்ட விஷயம், மாத்திரை. இது பசியை குறைக்கும், அதனால மதிய சாப்பாடு பல பிள்ளைங்களுக்கு உள்ளேயே போகாது. என்கிட்ட வர்ற ஒரு பொண்ணோட அம்மா லஞ்ச் பாக்ஸை அப்படியே கிளினிக்குக்கு கொண்டு வந்து திறந்து காட்டினாங்க, தயிர் சாதத்துல ஒரு ஓரம் மட்டும் ஸ்பூன் பட்ட தடம், மீதி காலையில வச்ச மாதிரியே இருந்துச்சு. அந்த குழந்தை ராத்திரி வரைக்கும் வெறும் வயித்துலதான் கத்திட்டு இருந்திருக்கு. இன்னொண்ணு, சாதா மாத்திரைன்னா சுமார் நாலு மணி நேரம், மெதுவா வேலை செய்யற வகைன்னா எட்டுல இருந்து பன்னெண்டு மணி நேரம் வரைக்கும் தாங்கும், அது இறங்குற நேரத்துல சில பிள்ளைங்களுக்கு எரிச்சல் ஜாஸ்தியாகும். உங்க பையனுக்கு அந்த நேரமும் வேன் வர்ற நேரமும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. நீங்களா டோஸை கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம், எழுதி கொடுத்த டாக்டர்கிட்ட இதை சொல்லுங்க, அவங்க மாத்துவாங்க.

நாளைக்கே ஆரம்பிக்கணும்னா, வேன் நிக்கிற இடத்துக்கே தண்ணியும் தின்ன ஏதாவதும் எடுத்துட்டு போங்க. முறுக்கு, வறுத்த கடலை, வெள்ளரிக்கா மாதிரி நறுக்நறுக்னு கடிக்கிறது நிறைய பிள்ளைங்களுக்கு ஆறுதலா இருக்கும். அப்புறம் முக்கா மணி நேரத்துக்கு கேள்வியே கேக்காதீங்க, "என்ன சாப்ட்ட, மிஸ் என்ன சொன்னாங்க, ஹோம்வொர்க் என்ன" எதுவுமே வேண்டாம். பேக்கை நீங்க வாங்கிக்கோங்க, யூனிபார்மை மாத்தி பழைய பனியனை போட்டு விடுங்க, லைட்டை அணைச்ச ரூம்ல அவன் இஷ்டத்துக்கு இருக்கட்டும். கொக்கி கெட்டியா இருந்தா பழைய காட்டன் புடவையில தூளி கட்டி விட்டு பாருங்க, உடம்பை சுத்தி இறுக்கமா அணைச்சு ஆடுறது பல பிள்ளைங்களை அமைதியாக்கும், தெரபி சென்டர்ல துணி ஊஞ்சல் தொங்க விடறதும் இதுக்குதான். பிடிக்கலன்னா வற்புறுத்தாதீங்க. சப்பாத்தி மாவு பிசையறது, தண்ணி குடத்தை தள்ளுறது இதெல்லாம் கூட வேலை செய்யும். வார நாள்ல டியூஷன், அபாகஸ் இருந்தா இப்போதைக்கு நிறுத்திடுங்க, நான் இதுல கறாராவே இருப்பேன்.

இதையும் மீறி வெடிச்சா தங்கச்சியை வேற ரூமுக்கு அனுப்புங்க, கையில எட்டுற கூர்மையான சாமானை எடுத்துடுங்க, பக்கத்துல தரையில உக்காந்து "அம்மா இங்கதான் இருக்கேன்"னு மட்டும் சொல்லுங்க. அடிபடற மாதிரி இருந்தாலொழிய இழுத்து பிடிக்காதீங்க. சாரி கேளுன்னு அப்ப சொல்றதுல பிரயோஜனமே இல்ல, தங்கச்சிகிட்ட என்ன பேசணும்ங்கறதை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பாத்துக்கலாம்.

ஸ்கூல்லயும் பேசணும். "இங்க நல்லாதான இருக்கான்"னு சொல்வாங்க, அப்ப, அவன் வீட்ல வெடிக்கும்போது போன்ல எடுத்த ஒரு நிமிஷ வீடியோவை மிஸ்ஸுக்கு மட்டும் காட்டுங்க, குடும்ப க்ரூப்ல போட்டுடாதீங்க. ப்ரேயர் சத்தத்துல இருந்து விலக்கு, மதியம் பத்து நிமிஷம் அமைதியான இடம், கேக்காமலே பாத்ரூம் போக அனுமதி, பாதி ஹோம்வொர்க், இதை எழுதியே கேளுங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல ஆட்டிசம் இருக்கு, அதனால நீங்க சலுகை கேக்கலை, உரிமையைத்தான் கேக்கறீங்க. அன்றாட வேலைகளுக்கும் புலன்களுக்கும் பயிற்சி தர்ற ஆக்குபேஷனல் தெரபிக்கு பிரைவேட்ல கட்டுப்படியாகலன்னா உங்க மாவட்டத்துல அரசு நடத்துற டிஇஐசி (குழந்தைகளுக்கான மாவட்ட ஆரம்பநிலை சிகிச்சை மையம்) எங்க இருக்குன்னு அரசு ஆஸ்பத்திரியில கேளுங்க, 18 வயசு வரைக்கும் ஃப்ரீ.

இது திடீர்னு ஆரம்பிச்சதா, இல்ல ரொம்ப நாளாவேவா? திடீர்னா பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் இருக்கான்னு காட்டுங்க, இந்த பிள்ளைங்க பலருக்கு வலியை வாய்விட்டு சொல்ல வராது. நின்ன எடத்துலயே கொஞ்ச நேரம் கண்ணு வெறிச்சு கூப்பிட்டா பதில் இல்லன்னாலோ, கை கால் வெட்டி வெட்டி இழுத்தாலோ நியூராலஜிஸ்ட்டை பாக்கணும். நின்னு போன படுக்கை நனைக்கிறது திரும்ப வந்தாலோ, உடம்புல காயம் இருந்தாலோ, ஒருத்தர் பேரை சொன்னாலே பயந்தாலோ ஸ்கூல்ல என்ன நடக்குதுன்னு விசாரிங்க, குழந்தைகள் உதவி எண் 1098க்கு கூப்பிட தயங்காதீங்க. தலையை சுவத்துல மோதிக்கிறான், சாகணும்னு சொல்றான்னா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க.

உங்களுக்கே தாங்க முடியாத ராத்திரி வரும்மா, 14416 டெலிமானஸ்ங்கற அரசு மனநல உதவி எண்ணுக்கு போன் பண்ணுங்க, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. மாமியாரை அடுத்த ரிவ்யூவுக்கு கூட்டிட்டு போங்க, நீங்க நூறு தடவை சொல்றதை விட டாக்டர் வாயால ஒரு தடவை கேட்டா எடுபடும். அதுக்குள்ள ரெண்டு வாரம் ஒரு நோட்ல எழுதி வைங்க, மாத்திரை எத்தனை மணிக்கு, லஞ்ச் எவ்வளவு மீதி, வேன் எத்தனை மணிக்கு வந்துச்சு, எத்தனை நிமிஷம் அழுதான். அந்த நோட்டை கையில கொடுத்துட்டு பேச ஆரம்பிங்க.