அஞ்சாத கப்பலா, அஞ்சவைக்கும் கப்பலா?

கேள்வி: முதல் உலகப்போர் பற்றிய கட்டுரை ஒன்றில் 'டிரெட்நாட்' என்பதை 'அச்சுறுத்தும் கப்பல்' என்று தமிழாக்கியிருந்தார்கள். பெரிய போர்க்கப்பல் எல்லாவற்றுக்கும் அதுதான் பெயரா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: மொழிபெயர்ப்பும் தவறு, நீங்கள் கேட்பதற்குப் பதிலும் 'இல்லை'தான். 'டிரெட்' என்றால் அஞ்சு. 'நாட்' என்பது பழைய ஆங்கிலத்தில் 'ஒன்றுமில்லை'. சேர்த்தால், எதற்கும் அஞ்சாதது. பிறரை அஞ்சவைப்பது வேறு, தான் அஞ்சாமல் இருப்பது வேறு. தமிழில் இவ்வளவு தெளிவாக வேறுபடும் இரண்டைக் குழப்பியிருப்பதுதான் வருத்தம்.

பெயர் கவசக் கப்பலுக்காகப் பிறந்ததும் அல்ல. 1588-ல் ஸ்பெயினின் ஆர்மடா என்ற பெரும் கப்பற்படையை எதிர்த்த ஆங்கிலக் கப்பல்களில் ஒரு டிரெட்நாட் இருந்தது. 1805-ல் டிரஃபால்கர் கடற்போரிலும் ஒன்று. இரண்டும் பாய்மரக் கப்பல்கள்.

சரி, அது எப்படி ஒரு கப்பல் இனத்தின் பெயரானது? 1906 பிப்ரவரியில் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் நீரில் இறங்கிய டிரெட்நாட்தான் காரணம். பிரிட்டிஷ் கடற்படைத் தலைவர் அட்மிரல் ஜான் ஃபிஷரின் பிடிவாதத்தில் உருவானது. அதற்குமுன் பெரிய போர்க்கப்பல்களில் பொதுவாக நான்கு பெரிய பீரங்கிகளும், கூடவே வெவ்வேறு அளவில் பலவும் இருக்கும். எதிரிக் கப்பலைச் சுற்றி நீர் எழும்புவதைப் பார்த்துத்தான் குறியைத் திருத்துவார்கள். பல அளவுக் குண்டுகள் விழுந்தால் எது எதனுடையது என்று தெரியாது. டிரெட்நாட்டிலோ பெரிய பீரங்கிகள் பத்தும் ஒரே அளவு, குழல் விட்டம் 12 அங்குலம். அப்புறம் நீராவிச் சுழலி (டர்பைன்) எஞ்சின், மணிக்கு 21 கடல் மைல் வேகம். ஒரே நாளில் உலகக் கடற்படைகள் எல்லாம் பழசாகிவிட்டன, பிரிட்டனுடையதும் சேர்த்துத்தான். அதன்பின் இந்த முறையில் யார் கட்டினாலும் அது டிரெட்நாட்.

ஆகவே 1905-ல் சுஷிமா கடற்போரில் ரஷ்யர்களை முறியடித்த ஜப்பானின் மிகாசாவை டிரெட்நாட் என்று எழுதக் கூடாது. 1914-ல் சென்னைமீது குண்டு வீசிய ஜெர்மன் கப்பல் எம்டனும் அல்ல. அது சிறிய குரூசர், அதாவது வேகமாக ஓடும் இலகுவான போர்க்கப்பல். ஆனால் ஒரு ஒற்றுமை உண்டு. 'அவன் பெரிய எம்டன்' என்று நாம் சொன்னோமே, அதேபோல அங்கும் ஒரு கப்பலின் பெயர் பொதுச்சொல்லாயிற்று.

தமிழில் எழுத வேண்டுமானால் 'அஞ்சாக் கப்பல்' என்று எழுதுங்கள். இல்லை, டிரெட்நாட் என்றே விடுங்கள்.