தினமும் ஒரு மணி நேரம் நடக்குறேன், தொப்பை மட்டும் அசைய மாட்டேங்குதே?

கேள்வி: வயசு 38, உயரம் 170 செ.மீ, எடை 82 கிலோ. உட்கார்ந்தே பாக்குற வேலை. மூணு மாசமா வாரத்துல ஆறு நாள் ட்ரெட்மில்ல ஒரு மணி நேரம், அஞ்சு கிலோமீட்டர் நடக்குறேன். மெஷின்ல 'ஃபேட் பர்ன்'னு காட்டுற வேகத்துலதான் போறேன். நடக்குறோமேன்னு சாப்பாட்டுல கைய வைக்கல. ஒரே ஒரு கிலோதான் குறைஞ்சிருக்கு, இடுப்பு அப்படியே இருக்கு. தொப்பைக்குன்னு தனியா எக்சர்சைஸ் பண்ணணுமா? உண்மையில டயட் முக்கியமா எக்சர்சைஸ் முக்கியமா? சுகர், பிரஷர் எதுவும் இல்ல.

பதில்: நேரடியா சொல்லிடுறேன். எவ்வளவு எடை குறையும்ங்கிறத பெரும்பாலும் சாப்பாடுதான் முடிவு பண்ணுது. அப்படி குறையுறது கொழுப்பா இல்ல தசையா, குறைஞ்சது திரும்பி வந்து ஒட்டிக்குமா, இது ரெண்டும் எக்சர்சைஸ் கையில இருக்கு. ரெண்டுக்கும் வேலை வேற வேற, அதனால எது முக்கியம்னு கேட்டா பதில் சொல்ல முடியாது. நீங்க மூணு மாசமா சாப்பாடு செய்ய வேண்டிய வேலைய நடைகிட்ட குடுத்து வச்சிருக்கீங்க, அவ்வளவுதான்.

கொஞ்சம் கணக்கு பாப்போம். சமதரையில நடந்தா, சும்மா உட்கார்ந்திருந்தாலே செலவாகுறத கழிச்சுட்டு, ஒரு கிலோமீட்டருக்கு நம்ம எடையில ஒவ்வொரு கிலோவுக்கும் சுமாரா அரை கலோரி செலவாகும். உங்களுக்கு 82 கிலோ, 5 கிலோமீட்டர், ஆக ஒரு நாளைக்கு 200 கலோரி சொச்சம். மெஷின் இதவிட நிறைய காட்டும், ஏன்னா நீங்க படுத்திருந்தாலும் செலவாகியிருக்கக்கூடிய கலோரியையும் அது சேர்த்துக்கும், எடைய சரியா போடாம விட்டீங்கன்னா இன்னும் குளறுபடி. உடம்புல இருக்குற ஒரு கிலோ கொழுப்புத் திசு கரையணும்னா சுமார் 7,700 கலோரி பற்றாக்குறை வேணும். வாரத்துக்கு 1,200 கலோரின்னு வச்சா மூணு மாசத்துக்கு 15,000, 16,000 வரும், அதாவது பேப்பர்ல ரெண்டு கிலோ. உங்களுக்கு ஒண்ணு குறைஞ்சிருக்கு. அப்ப இன்னொரு கிலோ எங்க போச்சு?

உடம்பு திருப்பி எடுத்துக்கிச்சு. நடந்துட்டு வந்தா பசி கொஞ்சம் கூடும், 'இன்னைக்குதான் நடந்தாச்சே'ன்னு தட்டுல ஒரு கரண்டி கூட விழும், மீதி நேரத்துல நமக்கே தெரியாம அசைவு குறையும், படி ஏற வேண்டிய இடத்துல லிஃப்ட் தேடுவோம். தான்சானியாவுல வேட்டையாடி, கிழங்கு தோண்டி வாழுற ஹட்சா மக்கள வச்சு ஹெர்மன் போன்ட்சர்ங்கிற ஆராய்ச்சியாளரோட குழு 2012-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. நாள் பூரா நடக்குற அவங்க மொத்தமா செலவழிக்குற கலோரி, உடம்பு அளவ கணக்குல எடுத்துட்டு பார்த்தா, நகரத்துல உட்கார்ந்து வேலை பாக்குறவங்க செலவழிக்குறதுக்கு கிட்டத்தட்ட சமமா இருந்துச்சு. இதுக்கு நடக்காதீங்கன்னு அர்த்தம் இல்ல, நடையால வர்ற பற்றாக்குறைய உடம்பு ஓரளவுக்கு ஈடுகட்டிடும்னுதான் அர்த்தம். உங்க நடையும் வீணா போகல. எடை மெஷின் அசையலைன்னாலும் ஈரல்லயும் குடலச் சுத்தியும் இருக்குற கொழுப்பு எக்சர்சைஸால குறையும், இன்சுலின் நல்லா வேலை செய்யும், அதெல்லாம் கண்ணாடியில தெரியாது.

இப்ப சாப்பாடு. உங்க உயரம், எடை, வயசு, வேலை, நடை எல்லாம் வச்சுப் பார்த்தா எடை ஏறாம இறங்காம இருக்க நாளைக்கு ஏறக்குறைய 2,300 கலோரி தேவைப்படும் (ஆம்பளைன்னு வச்சு சொல்றேன், பொம்பளைன்னா இதுல 200 சொச்சம் குறைச்சுக்குங்க). அதுல 400, 500 குறைச்சா போதும், வாரத்துக்கு அரை கிலோவுக்குக் கொஞ்சம் கம்மியா இறங்கும். சிலர் வேகமா போகணும்னு 1,000 கலோரிக்கு இறங்கிடுவாங்க, மூணாவது வாரத்துல எரிச்சல், தலைசுத்தல், அப்புறம் ஒரு ராத்திரி ஃபிரிட்ஜ் காலி. அது மன உறுதி இல்லாததால இல்ல, அந்த அளவு பட்டினிக்கு உடம்பு அப்படித்தான் பதில் சொல்லும்.

'நான் அப்படி ஒண்ணும் சாப்பிடலையே'ன்னு நீங்க சொல்லலாம், எல்லாரும் சொல்றதுதான். 1992-ல ஒரு ஆய்வு, டயட் இருந்தும் எடை குறையலைன்னு சொன்னவங்கள வச்சு பண்ணாங்க, அவங்க எழுதிக் குடுத்த சாப்பாட்டுக் கணக்கு உண்மையவிட சராசரியா 47 சதவீதம் குறைவு, எக்சர்சைஸ் கணக்கு 51 சதவீதம் கூடுதல். பொய் சொல்லணும்னு சொல்லல, கண் அளவு அவ்வளவுதான். வீட்டுல ஒரு நாள் எண்ணெய் பாட்டில சமைக்குறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் கிச்சன் தராசுல வச்சுப் பாருங்க. ஒரு பெரிய ஸ்பூன் எண்ணெய் கிட்டத்தட்ட 14 கிராம், 120 கலோரி, அதாவது நீங்க அரை மணி நேரத்துக்கு மேல நடந்தது. பாட்டில சாய்ச்சு ஊத்துனா ஒரு ஸ்பூன்ல நிக்காது, மூணு நாலு ஸ்பூன் சாதாரணமா போயிடும். அதே மாதிரி டிவி பார்த்துக்கிட்டே கொறிக்குற ஒரு கை நட்ஸ் 180 கலோரி, சர்க்கரை போட்ட குளிர்பானம் ஒரு கேன் 140. நட்ஸும் எண்ணெயும் கெட்டதுன்னு சொல்லல, கணக்குல வராம உள்ள போகுதுன்னு சொல்றேன். ரெண்டு வாரம் மட்டும் வாயில போறத எல்லாம் எழுதுங்க, வாழ்க்கை பூரா வேணாம், ரெண்டு வாரத்துல எங்க ஓட்டைன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

குறைக்குறதுக்கு முன்னாடி கூட்ட வேண்டியது ஒண்ணு இருக்கு, புரோட்டீன். எடை குறைக்குற நேரத்துல கிலோவுக்கு 1.2-ல இருந்து 1.6 கிராம் வரைக்கும் நல்லது, உங்களுக்கு நாளைக்கு 100 கிராம் சொச்சம்னு வச்சுக்குங்க. ஒரு முட்டையில 6 கிராம், ஒரு டம்ளர் பால்ல 6, 7, வெந்த பருப்போ பயறோ ஒரு கப்புல 15-க்கு மேல, தோல் இல்லாத கோழி நெஞ்சுக்கறி வெந்தது 100 கிராம்ல 30 கிட்ட வரும். ஒரே வேளையில அடைக்காம மூணு வேளைக்கும் பிரிச்சுக்குங்க. புரோட்டீனுக்கு வயிறு சீக்கிரம் அடங்கும், அதுல இருக்குற கலோரியில 20, 30 சதவீதம் செரிக்குறதுக்கே செலவாயிடும், கொழுப்புக்கு இது 3 சதவீதம் கூட தாண்டாது. எல்லாத்தையும்விட முக்கியமா, தசை கரையாம பார்த்துக்கும்.

கார்போவ, அதாவது மாவுச்சத்த நிறுத்தணுமா கொழுப்ப நிறுத்தணுமான்னு அடுத்து கேப்பீங்க. அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல 609 பேர ரெண்டா பிரிச்சு ஒரு வருஷம் பார்த்தாங்க, ஒரு பக்கம் லோ ஃபேட், இன்னொரு பக்கம் லோ கார்ப், 2018-ல முடிவு வந்துச்சு, ரெண்டு பக்கமும் சராசரியா அஞ்சாறு கிலோ, சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல. அதனால உங்களால எத விடாம கடைப்பிடிக்க முடியுமோ அத எடுங்க. ஆனா பாக்கெட்டுல வர்ற தயார் உணவு விஷயத்துல நான் கொஞ்சம் கறாராதான் இருப்பேன். அமெரிக்காவுல கெவின் ஹால்ங்கிற ஆராய்ச்சியாளரோட குழு 20 பேர ஆய்வு மையத்துலயே தங்க வச்சு, ரெண்டு வாரம் அதிகமா பதப்படுத்தின உணவு, ரெண்டு வாரம் சாதாரணமா சமைச்ச உணவு, வேணும்ங்கிற அளவு சாப்பிட விட்டாங்க. பதப்படுத்தின உணவு வாரங்கள்ல நாளைக்கு 500 கலோரி தன்னால கூடிப்போச்சு. யாரும் அவங்கள வற்புறுத்தல.

தொப்பைக்கு தனி எக்சர்சைஸ் பண்ணணுமான்னா, வேணாம்ங்கிறதுதான் பதில். வயித்துப் பயிற்சி பண்ணா வயித்துத் தசை பலமாகும், மேல இருக்குற கொழுப்பு அந்த இடத்துல மட்டும் கரையாது. டென்னிஸ் வீரர்கள் வருஷக்கணக்கா ஒரே கைய போட்டு அடிக்குறாங்க, 1971-ல அவங்க ரெண்டு கையையும் அளந்து பார்த்தப்போ ஆடுற கையில தசை பெருசா இருந்துச்சு, தோலுக்கடி கொழுப்பு ரெண்டு கையிலயும் ஒரே மாதிரிதான். எங்க முதல்ல கரையணும்னு ஜீனும் ஹார்மோனும் முடிவு பண்ணும், சிலருக்கு முகம் வத்தி ரெண்டு மாசம் கழிச்சுதான் இடுப்பு அசையும். கொழுப்பு வேர்வையா போறதும் இல்லங்க. 10 கிலோ கொழுப்பு முழுசா எரிஞ்சா 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடா மூச்சுல போகும், 1.6 கிலோ தண்ணியா மாறும். வேர்வை பெல்ட், பிளாஸ்டிக் ஜாக்கெட் போட்டு குறையுற எடை ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சா திரும்பி வந்துடும், காச வேற எதுக்காவது செலவு பண்ணுங்க.

அந்த ஃபேட் பர்ன் பட்டன் பாதி உண்மை. மெதுவா போனா செலவாகுற கலோரியில கொழுப்போட சதவீதம் கூட, அது சரி. ஆனா மொத்த செலவு கம்மி, அதோட அந்த நேரத்துல என்ன எரிஞ்சுதுங்கிறதவிட நாள் முழுக்க வரவா செலவாங்கிறதுதான் கணக்கு. அதனால வாரத்துல ரெண்டு நாள் பேச்சு திணறுற அளவுக்கு வேகமா போங்க, இல்ல சாய்வ ஏத்திக்குங்க.

ஆனா உங்க திட்டத்துல உண்மையிலேயே விட்டுப்போனது தசைப் பயிற்சிதான். வெறும் டயட்ல எடை குறைச்சா குறையுற எடையில ஏறக்குறைய கால்வாசி கொழுப்பு இல்லாத திசு, அதுல தசையும் அடங்கும். எடை மெஷின் நல்லா காட்டும், ஆள் மட்டும் தொளதொளன்னு இருப்பாங்க. ஆறு நாள் நடைய நாலா குறைச்சு ரெண்டு இல்ல மூணு நாள் இதுக்கு ஒதுக்குங்க, உலக சுகாதார நிறுவனமும் வாரத்துக்கு 150-ல இருந்து 300 நிமிஷம் மிதமான பயிற்சியோட ரெண்டு நாளாவது தசைப் பயிற்சி வேணும்னுதான் சொல்லுது. ஜிம் கட்டாயம் இல்ல. ஒரு நாற்காலிய பின்னாடி போட்டு, கால தோள் அகலத்துக்கு வச்சு, மூணு எண்ணுற நேரம் மெதுவா இறங்கி, பின்பக்கம் நாற்காலிய தொட்டதும் உட்காராம எழுந்திருங்க. பத்து தடவை, கொஞ்சம் ஓய்வு, இப்படி மூணு சுத்து. கடைசி ரெண்டு தடவை திணறணும், திணறலைன்னா கையில ஒரு பைய பிடிச்சுக்குங்க, அடுத்த வாரம் பையில கனத்த கூட்டுங்க. இதே மாதிரி சுவத்துலயோ மேஜையிலயோ கை ஊணி புஷ் அப், குனிஞ்சு பைய வயித்த நோக்கி இழுக்குறது, முதுகு வளையாம இடுப்ப மடக்கி கனத்த தூக்குறது. நாலும் சேர்த்தா முக்கால் மணி நேரம் கூட ஆகாது.

இதெல்லாம் ஆரம்பிச்சதும் முதல் வாரத்துலயே ஒன்றரை, ரெண்டு கிலோ குறைஞ்சா துள்ளாதீங்க. தசையிலயும் ஈரல்லயும் சேமிச்சிருக்குற சர்க்கரைக்கு கிளைகோஜன்னு பேரு, அது ஒவ்வொரு கிராமும் மூணு கிராம் கிட்ட தண்ணிய பிடிச்சு வச்சிருக்கும், சாப்பாடு குறைஞ்சா அது முதல்ல போகும். மறுபடி உப்பு கூடுன சாப்பாடு ஒரு வேளை சாப்பிட்டா அடுத்த நாள் ஒரு கிலோ ஏறும், அதுவும் கொழுப்பு இல்ல. காலையில பாத்ரூம் போயிட்டு வந்து எடை பாருங்க, ஒரு நாள் எண்ண பார்த்து பதறாம ஏழு நாள் சராசரிய போன வார சராசரியோட வச்சுப் பாருங்க. இடுப்ப டேப்ல அளக்கும்போது வயித்த எக்காம, சாதாரணமா மூச்சு விட்டு முடிச்ச நேரத்துல, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பு மேல் விளிம்புக்கும் நடுவுல அளங்க, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும்.

தூக்கத்த யாரும் கேக்குறதே இல்ல, நீங்களும் எழுதல. ஒரே கலோரி டயட்ல பத்து பேர 14 நாள் எட்டரை மணி நேரம், 14 நாள் அஞ்சரை மணி நேரம் படுக்க வச்சுப் பார்த்த 2010 ஆய்வுல எடை ஒரே அளவுதான் குறைஞ்சுது, ஆனா தூக்கம் குறைஞ்ச நாட்கள்ல கரைஞ்ச கொழுப்பு பாதிக்கும் கீழ போயிடுச்சு, மீதி தசை மாதிரியான திசு. சின்ன ஆய்வுதான், இருந்தாலும் ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஃபோன் பார்த்துட்டு அஞ்சு மணிக்கு எழுந்து நடக்கப் போறவங்க இத யோசிக்கணும்.

எடை குறையக் குறைய ஒரு இடத்துல வந்து நிக்கும். உடம்பு சின்னதானா அதோட செலவும் குறையும், முன்னாடி பற்றாக்குறையா இருந்த சாப்பாடு இப்ப சரியான அளவா ஆகியிருக்கும். அப்ப 100, 150 கலோரி இன்னும் குறைக்கலாம், இல்ல ஒரு மாசம் அதே எடையில நின்னு மூச்சு வாங்கிட்டு அப்புறம் தொடரலாம், ரெண்டாவதுதான் எனக்குப் பிடிச்சது. எடைய நிறுத்தி வைக்குற அந்தக் கட்டத்துலதான் உங்க நடைக்கு உண்மையான மதிப்பு. 13 கிலோவுக்கு மேல குறைச்சு ஒரு வருஷமாவது திரும்ப ஏறாம வச்சிருக்கிறவங்கள அமெரிக்காவுல 1994-ல இருந்து ஒரு பதிவேட்டுல சேர்த்துட்டு வர்றாங்க, அவங்க சராசரியா நாளைக்கு ஒரு மணி நேரம் கிட்ட உடற்பயிற்சி பண்றவங்க.

ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி தைராய்டு, சுகர், கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற ரத்தப் பரிசோதனை) ஒரு தடவை பார்த்துடுங்க. கிட்னியில பிரச்சினை இருந்தா மேல சொன்ன புரோட்டீன் அளவு உங்களுக்கு இல்ல, டாக்டர்கிட்ட கேட்டுட்டுதான் கூட்டணும். இத படிக்குற மத்தவங்கள்ல சுகருக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுக்குறவங்க இருந்தா, சாப்பாட்ட குறைக்குற அன்னைக்கே மருந்து அளவையும் டாக்டர்கிட்ட பேசிடுங்க, இல்லன்னா லோ சுகர் ஆயிடும். வேகமா நடக்கும்போது நெஞ்சு அழுத்துற மாதிரி இருந்தாலோ, கை தாடைக்கு வலி பரவுனாலோ நடைய அங்கயே நிறுத்திட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.