டேப் சுற்றினால் ஜாயிண்ட் ஆகிவிடுமா?

கேள்வி: எங்களுடையது செந்தூலில் பழைய தெரஸ் வீடு. வாட்டர் ஹீட்டர் மாட்ட வந்தவர், ஒயர் எட்டவில்லை என்று சிலிங்குக்கு மேலே இரண்டு ஒயரையும் முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிவிட்டுப் போய்விட்டார். இப்போது குளிக்கும்போதெல்லாம் லேசாகக் கருகல் வாடை. பிரேக்கர் விழவே இல்லையே, பயப்படாதே என்கிறார் என் வீட்டுக்காரர். இன்னும் கொஞ்சம் டேப் சுற்றினால் போதுமா?
- செந்தூல் வாசகி

பதில்: முதலில் அந்த ஹீட்டரின் பிரேக்கரை இறக்கிவிட்டு வாருங்கள், மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

பிரேக்கர் விழாததை நம்பித்தான் பல வீடுகளில் கூரை கருகுகிறது. எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்பதுதான் அதன் கணக்கு, ஜாயிண்ட் சூடாவது அதற்குத் தெரியாது. 3.6 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 16 ஆம்பியர் இழுக்கும். தளர்ந்த முறுக்கில் 0.2 ஓம் தடை இருந்தாலே அந்த ஒரு புள்ளியில் 50 வாட் சூடு, சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றைப் பலகைக்கு மேலே எரியவிட்டுப் போனது மாதிரி. சூட்டில் செம்பு கறுக்கும், கறுத்தால் தடை ஏறும், ஏறினால் இன்னும் சூடு. டேப்புக்கு ஒயரை இறுக்கிப் பிடிக்கும் வேலையே கிடையாது, மூடி வைப்பதோடு சரி, அதிலும் நம் ஊர்க் கூரைச் சூட்டில் அதன் பசை இளகி வழிந்துவிடும்.

என்னைக் கேட்டால் ஹீட்டருக்கும் ஏர்கோனுக்கும் ஜாயிண்டே வேண்டாம். டிபியிலிருந்து, அதாவது பிரேக்கர்கள் இருக்கும் பெட்டியிலிருந்து, நேராகப் புது ஒயர் இழுக்கச் சொல்லுங்கள், பொதுவாக 4 சதுர மில்லிமீட்டர். காசு கொஞ்சம் கூடத்தான் ஆகும்.

வேறு வழியே இல்லை என்றால் நெம்பித் திறந்து மூடும் லீவர் கனெக்டர். வாகோ என்ற கம்பெனியின் 221 வகையில் சாதாரணமாகக் கிடைப்பது 4 சதுர மில்லிமீட்டர், 32 ஆம்பியர் வரை தாங்கும், ஒற்றைக் கம்பிக்கும் நம் வீடுகளில் இருக்கும் ஏழு இழை ஒயருக்கும் பொருந்தும். 11 மில்லிமீட்டர் உரித்து உள்ளே விட்டு, மூடியபின் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கவேண்டும். ஜாலான் பாசார் பக்கம் அச்சு அசலாக அதே மாதிரி மலிவாக ஒன்றைக் காட்டினால், மேலே ஆம்பியரும் அளவும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். திருகு வைத்த கனெக்டரும் மோசமில்லை, அளவு சரியாக இருந்து நன்றாக முடுக்கினால். ஆனால் ஒயர் நுனியில் ஈயம் பூசித் திருகுக்குள் வைக்காதீர்கள், ஈயம் நாளாக ஆக அமுங்கிக் கொடுக்கும், திருகு தளரும். கிரிம்ப் செய்வதானால், அதாவது உலோகக் குழாய்க்குள் ஒயரை விட்டு அழுத்திப் பிடிக்க வைப்பதானால், அதற்கான கருவி வேண்டும், பிளையரால் நசுக்குவது கிரிம்ப் ஆகாது.

எந்த முறையானாலும் எர்த்தையும் அதே கவனத்தோடு சேர்த்து, மூடி போட்ட பெட்டிக்குள், கை எட்டும் இடத்தில் வைக்கவேண்டும். வேலை செய்பவர் சுருஹான்ஜாயா தெனாகா என்ற மலேசிய எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனாக இருக்கட்டும். அவர் வரும்போது ஹீட்டருக்கு, கரண்ட் கசிந்தால் துண்டித்துவிடும் 10 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: தோட்ட விளக்குக்கு வெளியே ஜாயிண்ட் போட லீவர் கனெக்டர் மட்டும் போதுமா?
- ஜெலுத்தோங் வாசகர்

பதில்: போதாது, அதற்குள் தண்ணீர் போகும். ஜெல் நிரப்பிய, நீர் புகாத பெட்டிக்குள் வைத்து மூடுங்கள்.