குன்ஸாவின் பங்கு

அன்புள்ள ஐயா,

பாகிஸ்தானின் 2018 திருநர் உரிமைச் சட்டத்தில் முக்கியமான பிரிவுகள் இஸ்லாத்துக்கு முரணானவை என்று 2023இல் ஃபெடரல் ஷரீஅத் நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. மார்க்கத்தில் இவர்களுக்கு இடமே இல்லை என்றுதானே இதற்குப் பொருள்? நம் இந்தியாவின் 2019 திருநர் சட்டம் இதைவிட மேலானதா?

எம்., கீழக்கரை

அன்புள்ள எம்.,

சில நாட்களாக மீராஸ் (வாரிசுப் பங்கு) கணக்குதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் உடனே எழுதுகிறேன். எந்த நாட்டுச் சட்டம் மேல் என்ற போட்டியை விடுங்கள்.

‘இடமே இல்லை’ என்று எந்தக் கிதாபைப் பார்த்து எழுதினீர்கள்? நீதிமன்றம் கைவைத்தது பிரிவு 2(எஃப்), 3, 7 ஆகியவற்றில். ஒருவர் தானே உணரும் பாலினம், அதன்படி அடையாள அட்டை, அதன்படி சொத்து. உடலால் குன்ஸாவாக, அதாவது ஆண் பெண் இரண்டின் கூறுகளோடோ எதுவென்று தெளிவில்லாமலோ, பிறந்தவரின் உரிமையை அது மறுக்கவில்லை. இந்த வேறுபாட்டைக்கூடப் பார்க்காமல் மார்க்கத்தின் பேரில் பேசாதீர்கள்.

ஃபிக்ஹு, அதாவது மார்க்கச் சட்டம், இவர்களைக் கணக்கிலேயே வைத்திருக்கிறது. வாப்பா மவுத்தாகிறார் (இறக்கிறார்), விட்டுச்செல்வது 20 லட்சம் ரூபாய். ஒரு மகன், ஒரு மகள், ஆணா பெண்ணா என்று தெளிவாகாத ஒரு பிள்ளை. மகனுக்கு மகளைப் போல இரு மடங்கு என்பதால், அந்தப் பிள்ளையை ஆணாகக் கொண்டால் 8 லட்சம், பெண்ணாகக் கொண்டால் 5 லட்சம். இமாம் அபூ ஹனீஃபா குறைந்ததைக் கொடுக்கச் சொல்கிறார், 5 லட்சம். மாலிக்கி, ஹன்பலி மத்ஹபுகளில் (சட்ட மரபுகளில்) இரண்டின் சராசரி, ஆறரை லட்சம். உங்கள் கடற்கரை ஊர்களின் ஷாஃபி மத்ஹபில் எல்லாருக்கும் நிச்சயமான குறைந்தபட்சம் மட்டும்: மகனுக்கு 8, மகளுக்கு 4, குன்ஸாவுக்கு 5. மிச்சம் 3 லட்சத்தைத் தெளிவு வரும்வரை நிறுத்திவைப்பார்கள். பங்கே கிடையாது என்று நான்கு மத்ஹபில் ஒன்றாவது சொல்கிறதா?

பிரிவு 7இலும் இந்தச் சராசரி இருந்தது. இரு பாலின் கூறுகளோடு பிறந்து, 18 வயதுக்குப் பிறகும் ஆண் என்றோ பெண் என்றோ தன்னைக் கொள்ளாதவருக்கு அது. தானே உணர்வதுதான் ஆட்சேபம் என்றால் அந்த வரிகளை மட்டும் எடுத்திருக்கலாம். முழுப் பிரிவையும் தள்ளியதில் இதுவும் போயிற்று. எனக்கு ஆற்றாமை அங்கேதான்.

அதைவிடப் பெரிய சிக்கல் பங்கு பிரிப்பதற்கு முன்பே வந்துவிடுகிறது. வாரிசுச் சான்றிதழை இப்போது பாகிஸ்தானில் தேசிய அடையாளப் பதிவு நிறுவனமான நாத்ராவே தருகிறது. குடும்பப் பட்டியலில் உள்ள வாரிசுகள் கைரேகை வைக்க வேண்டும், பத்திரிகையில் அறிவிப்பு வரும், 14 நாளில் ஆட்சேபம் இல்லையென்றால் சான்றிதழ். சிறுவயதிலேயே வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட கவாஜாசராவின் (திருநருக்கு அங்கே வழங்கும் சொல்) பெயர் அந்தப் பட்டியலில் எப்படி இருக்கும்? தந்தை இடத்தில் குருவின் (தன் திருநர் குழுத் தலைவரின்) பெயரைப் போட்டு அட்டை எடுத்திருந்தால் வாப்பாவோடு உள்ள தொடர்பு பதிவிலேயே அறுந்துவிடும். அறிவிப்பு வந்த நாளிதழும் அவர் கண்ணில் படாது. பிறகு சிவில் வழக்குதான், உறவை நிரூபிக்கும் பொறுப்பு அவர் தலையில்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது அந்த நிலையில் இருந்தால், தீர்ப்பைப் பற்றி வாதாடாமல், பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே பெயரைக் குடும்பப் பதிவில் சேர்க்கச் சொல்லுங்கள், தம்பி.