இரட்டை விண்மீன் சிமுலேஷனில் சுற்றுப்பாதை ஏன் விரிகிறது?

ஈர்ப்பு ஒளிவேகத்தில் போவதால், ஒவ்வொரு விண்மீனும் மற்றதன் பழைய இடத்தை நோக்கி இழுக்கப்படும்படி கோட் எழுதினீர்கள். இரண்டும் விலகிக்கொண்டே போகின்றன என்கிறீர்கள். கோடில் பிழையில்லை. நியூட்டன் சூத்திரத்தில் தாமதத்தை மட்டும் நுழைத்தால் இழுவிசை சற்று முன்பக்கம் சாயும், ஒவ்வொரு சுற்றிலும் வேகத்தைக் கூட்டும். பாதை விரியாமல் என்ன செய்யும்?

ஈர்ப்பின் வேகத்தைப் பற்றிய உங்கள் எண்ணம் சரியே. 2017 ஆகஸ்ட் 17-ல் இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதில் எழுந்த ஈர்ப்பலை, அதாவது ஈர்ப்பின் அதிர்வு, வந்தது; சுமார் 1.7 வினாடி கழித்து ஒளியின் ஒரு வகையான காமா கதிர் வந்தது. இரண்டும் ஏறக்குறைய 13 கோடி ஆண்டுகள் பயணித்தவை, ஆகவே இரண்டின் வேகமும் கிட்டத்தட்ட ஒன்றே!

விட்டுப்போனது வேறு. ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலில் விசை, மூலத்தின் அன்றைய இடத்தை மட்டுமல்ல, அதன் வேகத்தையும் முடுக்கத்தையும் சார்ந்தது. அதனால் இழுவிசை கிட்டத்தட்ட இப்போதைய இடத்தையே காட்டும். தாமதத்தின் விளைவு பெரும்பாலும் அடிபட்டுப்போகும். மிஞ்சும் துளிதான் ஈர்ப்பலையாக வெளியேறுகிறது, பாதையைச் சுருக்குகிறது. 1974-ல் ஹல்ஸும் டெய்லரும் கண்டுபிடித்த இரட்டைப் பல்சாரில் (துடிப்புத் துடிப்பாக ரேடியோ அலை வீசும் விண்மீன் ஒன்று உள்ள இரட்டையில்) அந்தச் சுருக்கத்தை அளந்தே பார்த்துவிட்டார்கள். உங்களுடையது நேர் எதிராக விரிகிறது, கவனியுங்கள்.

தாமதத்தை எடுத்துவிடுங்கள். சாதாரண வேகங்களுக்கு வெறும் நியூட்டனே போதும். நுணுக்கம் வேண்டுமென்றால் போஸ்ட்-நியூட்டோனியன் திருத்தங்களை, அதாவது நியூட்டன் சூத்திரத்தோடு சேர்க்கும் பொதுச் சார்பியலின் சிறு திருத்தங்களை, சேருங்கள்.