வாசகர் கேள்வி – பதில்: தருக்கம் எதுவரை வரும்?

கடவுள் நம்பிக்கைக்கும் மெய்யியல் ஆராய்ச்சிக்கும் என்ன உறவு என்பதைப் பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து பல கடிதங்கள் வந்துள்ளன. ஒரே பொருளைச் சுற்றியவை என்பதால் அவற்றுள் சிலவற்றை இவ்விதழில் சேர்த்து எடுத்துக்கொள்கிறேன். ஏனைய கேள்விகள் அடுத்த இதழில் இடம்பெறும்.

கேள்வி: உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞானமுறையும், இந்து நாகரிகம் ஆகிய இரண்டையும் படிக்கிறேன். கடவுள் உண்டென்று நிறுவும் வாதங்கள் குறையுடையவை என்று ஒரு வகுப்பில் சொல்கிறார்கள். சைவசித்தாந்தம் இறைவனை அனுமானத்தால் நிறுவுகிறது என்று மற்ற வகுப்பில் சொல்கிறார்கள். பரீட்சையில் இரண்டையும் எழுதிவிடலாம். நான் எதை ஏற்பது?
– மாணவர், களுவாஞ்சிகுடி

உங்கள் ஆசிரியர்கள் இருவரும் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரங்கள் கொண்ட சிறு நூல். இறைவனைப் பற்றிய நூலாயினும் அது உருகிப் பாடுவதில்லை. மேற்கோளை (நிறுவவேண்டிய கூற்றை) வைத்து, அதற்கு ஏதுவை (காரணத்தை)ச் சொல்லி, எடுத்துக்காட்டினால் உறுதிசெய்து, எதிரில் ஒருவர் மறுத்துக்கொண்டு நிற்கிறார் என்ற நினைவோடு நகர்கிறது. அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குவது. அவ்வாறு தோன்றி ஒடுங்குவதற்குத் தோற்றுவிப்பவன் ஒருவன் வேண்டும். எதில் ஒடுங்கியதோ அதிலிருந்தே மீளத் தோன்றவேண்டுமாதலால் ஒடுக்கும் கடவுளே முதல்வன் என்பது முதற் சூத்திரம். குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்பதைப்போல, உலகுக்கு மாயையும் சத்தியும் இறைவனும் என்று பிற்காலத்தார் இதனை விரித்தனர். மெய்கண்டாரின் மாணவரான அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரில் காட்சி (நேரில் காணல்), கருதல் (அனுமானம்), உரை (நம்பத்தக்கோர் சொல்) என்னும் அளவைகளை, அதாவது அறியும் வழிகளை, முதலிலேயே வரையறுத்துக்கொண்டுதான் இறைவனைப் பற்றிப் பேசுகிறார். ஆகவே இந்து நாகரிக வகுப்பில் நீங்கள் கேட்டது சரி.

அளவையியல் வகுப்பில் கேட்ட மறுப்பு மேல்நாட்டிலிருந்து வந்தது என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்கொட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் 18ஆம் நூற்றாண்டில் இத்தகைய வாதங்களை மறுத்து எழுதுவதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பௌத்த அறிஞரான தருமகீர்த்தி இதே இடத்தில் கைவைத்துவிட்டார். மண்ணால் ஆன உருவம் என்பது ஒன்றையே வைத்துக் குயவனை ஊகிக்கலாம் என்றால், புற்றும் குயவன் வனைந்ததே என்று சொல்லவேண்டிவரும் என்றார் அவர். நியாயம் என்னும் தருக்க நெறியினரான நையாயிகர் இதற்கும் விடை வைத்திருந்தனர்: கர்த்தா (ஆக்கியவர்) உண்டா இல்லையா என்று வழக்கிலிருக்கும் பொருள்களுள் புற்றும் ஒன்றாதலால், அதனையே எதிர்ச்சான்றாகக் காட்டுவது முறையன்று என்றனர். வழக்கு இன்றும் தீரவில்லை. என்னுடைய எண்ணத்தைக் கேட்டால், முதற் சூத்திரத்தின் வாதம் வாய்ப்பானதாகவே, அதாவது எடுகூற்றுக்களை (வாதம் தொடங்கும் அடிப்படைக் கூற்றுக்களை) ஏற்றால் முடிவையும் ஏற்கவேண்டிய வகையில், கட்டப்பட்டிருக்கிறது. ஆனால் உலகம் முழுவதையும் குடத்தைப்போன்ற ஓர் ஆக்கப்பொருளாகக் கொள்ளும் எடுகூற்றை ஏற்காத ஒருவரை அதனால் கட்டாயப்படுத்த முடியாது.

இங்கேதான் நீங்கள் நிதானிக்க வேண்டும். வாதம் தோற்றால் கடவுளும் தோற்றார் என்று உங்கள் வயதில் பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். இராமாநுசரைவிடத் தீவிரமான பக்தரை எங்கே தேடுவது? அவர்தாம் பிரம்மசூத்திர உரையில், அனுமானத்தினால் இறைவனை நிறுவ முடியாது, வேதம் ஒன்றே அதற்குப் பிரமாணம் என்று வாதிட்டு, நையாயிகரின் நிறுவல்களை ஒவ்வொன்றாகத் தகர்த்தார். வேதச் சடங்குகளை ஆராயும் மீமாஞ்சை நெறியினரான (மீமாஞ்சகரான) குமாரில பட்டர் வேதத்தை முழுமையாக ஏற்றுக்கொண்டே உலகைப் படைத்த கடவுள் ஒருவரை மறுத்தார். கடவுள் உண்டா என்பதும், கடவுளை வாதத்தால் நிறுவலாமா என்பதும் வெவ்வேறு வினாக்கள் என்பதில் நம் முன்னோர் தெளிவாக இருந்தனர்.

மேலும், அனுமானம் முழு வெற்றி பெற்றாலும் உலகுக்கு ஒரு கர்த்தா உண்டு என்பதுவரைதான் வரும். வைகாசிச் சடங்கில் குளிர்த்திப் பாடலைக் கேட்டுக் கண்ணகை அம்மனின் முன் கைகூப்பி நிற்கும் உங்கள் அம்மம்மா நிமித்தகாரணத்தைத் தேடி அங்கே வரவில்லை. அவரை அங்கே நிறுத்தியிருப்பது வேறு: தாயிடம் கேட்டது, பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது நேர்ந்தது, ஊரோடு சேர்ந்து நின்றது. அவற்றை ஆராய்வதற்கும் தருக்கத்துக்கு உரிமையுண்டு. அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ள அதனால் ஆகாது. ஆகவே, எதை ஏற்பது என்று ஒரே மூச்சில் முடிவெடுக்காமல், எந்த எடுகூற்றை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதை ஒரு கொப்பியில் எழுதிவாருங்கள். பல்கலைக்கழகம் போனபின்பும் அது உங்களுக்குத் தேவைப்படும்.

கேள்வி: கடவுள் நம்பிக்கை இல்லாத நான் சிவஞானசித்தியாரைப் படிப்பதில் பயனுண்டா?
– வாசகர், அக்கரைப்பற்று

கட்டாயம் படியுங்கள். பிறர் கொள்கைகளை மறுக்கும் பகுதியான பரபக்கத்திலிருந்து தொடங்குங்கள். அப்பகுதி முதலில் எடுத்துக்கொள்வதே கடவுளை ஏற்காத உலகாயதரின் கொள்கையைத்தான். மறுப்பதற்கு முன் எதிராளியின் கட்சியை அவர் தரப்பிலிருந்தே எடுத்துரைக்கும் அந்த ஒழுங்கை இன்றைய மேடைகளில் காண்பது அரிது.

கேள்வி: இமாம் கஸ்ஸாலி தத்துவஞானிகளை முறியடித்துவிட்டார், எனவே முஸ்லிம் பிள்ளைகள் மெய்யியல் படிப்பது தகாது என்று எங்கள் ஊரில் ஒருவர் உரை நிகழ்த்தினார். என் மகள் பல்கலைக்கழகத்தில் மெய்யியலைத் தெரிவுசெய்ய விரும்புகிறாள். என்ன செய்வது?
– தகப்பன், சம்மாந்துறை

மகளைப் படிக்க விடுங்கள். இமாம் கஸ்ஸாலியையும் அவர் படிக்கட்டும். 1058இல் பிறந்து 1111இல் மறைந்த அப்பெரியார் ‘தஹாபுதுல் பலாஸிபா’ (தத்துவஞானிகளின் தடுமாற்றம்) என்ற நூலில் தத்துவஞானிகளின் இருபது கருத்துக்களை எடுத்து மறுத்தார் என்பது உண்மை. உலகம் அநாதியானது, இறைவன் தனித்தனிச் சம்பவங்களை அறியான், உடல்கள் மீள எழுப்பப்படா என்ற மூன்றையும் மார்க்கத்துக்கு வெளியே கொண்டுசெல்லும் கருத்துக்கள் என்று தீர்ப்பளித்தார். ஆனால் அந்த நூலை எழுதுமுன் அவர் செய்தது என்ன? பக்தாதின் நிசாமிய்யாக் கல்லூரியில் மாணவர்களுக்குப் போதித்துக்கொண்டே, கிடைத்த ஓய்வு நேரத்திலெல்லாம் தத்துவ நூல்களைத் தாமாகப் படித்தார். அவர்களுடைய கொள்கைகளைத் தொகுத்துத் தனி நூலே எழுதினார். ஒரு துறையில் வல்லவர்களுக்கு நிகராகத் தேறாதவர் அத்துறையின் பிழையைக் காணமுடியாது என்பது அவருடைய நிலைப்பாடு. அளவையியலை அவர் ஒதுக்கவே இல்லை. சட்டவியல் பற்றிய தமது ‘முஸ்தஸ்பா’ நூலுக்கு அளவையியலையே முன்னுரையாக வைத்து, அதைக் கற்காதவரின் அறிவை நம்பமுடியாது என்றும் எழுதினார்.

அவர் சொன்ன ஒரு செய்தியை அந்த உரையாளரிடம் நீங்கள் தெரிவிக்கலாம். சூரிய, சந்திர கிரகணங்கள் எவ்வாறு நிகழ்கின்றன என்பதை வானியலார் கணக்கிட்டு நிறுவியிருக்கும்போது, மார்க்கத்தைக் காப்பதாக எண்ணி அதனை மறுப்பவர் மார்க்கத்துக்கே கேடு செய்கிறார் என்று ‘தஹாபுத்’தின் முன்னுரையிலேயே எச்சரித்திருக்கிறார். பின்னர் இப்னு ருஷ்த் (1126–1198) அந்நூலுக்குப் பகுதி பகுதியாக மறுப்பெழுதினார். பஞ்சு தீயில் எரிவதற்கும் தீயைத் தொடுவதற்கும் உள்ள தொடர்பு அவசியமானதா, இறைவனின் நியதியால் நாம் வழமையாகக் காண்பதா என்று அவ்விருவரும் நடத்திய விவாதம் காரணகாரியம் பற்றி உலகில் நடந்த மிகச் சிறந்த விவாதங்களுள் ஒன்று. முஸ்லிம் அறிஞர் இருவர் ஆக்கிய அச்செல்வத்தை முஸ்லிம் பிள்ளை ஒருத்திக்கு மறுப்பது எப்படி நியாயமாகும்?

கேள்வி: கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தில், போர்த்துக்கேயர் காலத்தில் கல்நந்தி புல்லுண்ட வரலாற்றை என் மகன் நம்புவதில்லை. தேரோட்டத்துக்கு மட்டும் முதல் ஆளாக வடம்பிடிக்கப் போகிறான். இது முரண்பாடு இல்லையா?
– தாய், மட்டக்களப்பு படுவான்கரை

முரண்பாடு இல்லை, அம்மா. நந்தி புல்லுண்டது என்பது குறித்த காலத்தில் குறித்த இடத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சி. அதனை நமக்குத் தருவது உரை அளவை. சொன்னவர் யார், எப்போது சொன்னார், நேரில் கண்டவரா என்று கேட்கப்படுவதற்கு உட்பட்டது. உங்கள் மகன் அவ்வாறு கேட்டுத் திருப்தியடையவில்லை. சிவன்மேல் வைக்கும் அன்பு அந்த ஒரு நிகழ்ச்சியின்மேல் நிற்பதன்று. அவன் வடம்பிடிப்பதே அதற்குச் சாட்சி. அதேவேளை, உங்களைப் பார்த்து அவன் சிரிப்பானாயின் அதுவும் தவறு. அந்நியப் படையின்முன் தன் கோயில் அழியாமல் நின்றதை ஒரு சமூகம் எப்படி நினைவில் வைத்துக்கொண்டது என்பதை அந்தக் கதை சொல்கிறது. அதைக் கேட்கத் தெரியாதவரை நல்ல ஆராய்ச்சியாளர் என்று நான் கொள்ளமாட்டேன்.

கேள்வி: 2004 டிசம்பர் 26இல் என் பிள்ளையைக் கடல் கொண்டுபோனது. வினைப்பயன் என்றார்கள் சிலர். கடவுளின் சோதனை என்றார்கள் சிலர். கடவுள் இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா என்றார் ஒருவர். இவர்களுக்கு என்ன சொல்வதென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.
– தாய், கல்முனைப் பகுதி

அவர்களுக்குப் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை, தாயே. அவர்கள்தாம் உங்களுக்குப் பதில் சொல்லவேண்டியவர்கள். ஆயினும் கேட்டிருக்கிறீர்கள்; அவர்கள் சொன்னவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வினைப்பயன் என்றவர், வினைக்குப் பயன் உண்டு என்ற பொதுக் கொள்கையிலிருந்து, இந்தப் பிள்ளைக்கு இது இன்ன வினையால் வந்தது என்ற தீர்ப்புக்குத் தாவிவிட்டார். முன்னதைச் சைவமும் பௌத்தமும் தத்தம் முறையில் சொல்கின்றன. பின்னதை அறிவதற்கு அவரிடம் காட்சியுமில்லை, அனுமானமுமில்லை, அப்படிச் சொல்லும் ஆகமமுமில்லை. சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் 9.1 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டு, இரண்டு மணித்தியாலங்களுக்குள் அலை நம் கரைக்கு வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று கடல் பிரித்துப் பார்க்கவில்லை. சோதனை என்றவரும் இறைவனின் உள்ளக்கிடக்கை தமக்குத் தெரியும் என்றே கொள்கிறார். பணிவுள்ள நம்பிக்கை அவ்வளவு துணிந்து பேசாது.

மூன்றாமவரின் வாதத்தை நான் இலேசாக எண்ணவில்லை. எல்லாம் வல்லவரும் முற்றும் நல்லவருமான ஒருவர் இருப்பின் குழந்தைகள் இப்படி மாளலாமா என்பது மெய்யியலின் மிகப் பழைய, மிகக் கடினமான வினா. சாத்தியமான உலகங்களுள் இதுவே மிகச் சிறந்தது என்று ஜேர்மன் மெய்யியலாளர் லைப்னிட்ஸ் 1710இல் எழுதினார். 1755 நவம்பர் 1ஆம் திகதி, அனைத்துப் புனிதர் பெருவிழா நாளில், மக்கள் தேவாலயங்களில் கூடியிருந்த வேளையில் லிஸ்பன் நகரை நிலநடுக்கமும் கடலலையும் தீயும் அழித்தபோது, பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேயர் அந்த விடையை ஏற்க மறுத்துக் கவிதை எழுதினார். மனிதரின் சுதந்திரத்தால் தீமை வருகிறது என்ற விடை, கொலைக்கும் போருக்கும் ஓரளவு பொருந்தலாம்; கடலுக்குப் பொருந்தாது. இவ்வினாவை முழுமையாக மூடிவிடும் விடை எதனையும் நான் இதுவரை படித்ததில்லை. ஆனால், விடை கிடைக்காத வினா ஒன்று இருப்பதால் இறைவன் இல்லை என்பது நிறுவப்பட்டுவிட்டது என்றும் சொல்லமுடியாது.

விவிலியத்தில் யோபுவின் நூல் இருக்கிறது. பிள்ளைகளையெல்லாம் இழந்த யோபுவிடம் நண்பர்கள் வந்து, நீ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இது வந்தது என்று நீண்ட நேரம் விளக்கம் சொல்கிறார்கள். யோபு இறைவனிடமே நியாயம் கேட்கிறார். முடிவில் இறைவன் கோபிப்பது கேள்வி கேட்ட யோபுவிடமன்று. தமக்காக வாதாடிய அந்த நண்பர்களிடந்தான். நீங்கள் எந்தச் சமயத்தவராயினும் இதனை எடுத்துக்கொள்ளலாம். கேள்வியோடே கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ தேவாலயத்துக்கோ போகலாம். போக மனமில்லாவிட்டால் போகாமலும் இருக்கலாம். அதற்காக உங்களைக் குறைசொல்ல எவருக்கும் நியாயமில்லை.

கேள்வி: ‘எல்லாவற்றையும் கடவுள் படைத்தார் என்றால் கடவுளைப் படைத்தது யார்?’ என்று 8ஆம் தரத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். அப்படிக் கேட்கக்கூடாது என்று சொல்வதா?
– சமயபாட ஆசிரியை, வாழைச்சேனை

அப்படிச் சொல்லவே வேண்டாம். அந்தப் பிள்ளை வாதத்தின் சரியான இடத்தில் நிற்கிறது. உள்ளவை எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு என்பது எடுகூற்றானால் கடவுளுக்கும் காரணம் கேட்கத்தான் வேண்டும். சித்தாந்திகள் அப்படிச் சொல்லவில்லை. தோன்றி அழிபவற்றுக்குக் காரணம் உண்டு என்றார்கள். தோற்றமில்லாதது ஒன்று உண்டு என்று கொண்டால் அதற்கு அக்கேள்வி எழாது. அப்படியானால் உலகமே தோற்றமில்லாததாக ஏன் இருக்கக்கூடாது என்று அடுத்து ஒரு பிள்ளை கேட்கும். சமணரும் மீமாஞ்சகரும் அதைத்தான் கேட்டார்கள் என்று சொல்லுங்கள்.

முடிந்தால் ஒரு பாடவேளையை மணிமேகலையின் 27ஆம் காதைக்கு ஒதுக்குங்கள். வஞ்சி மாநகரில் சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் மணிமேகலை அவரவர் கொள்கையைக் கேட்டுவருகிறாள். கண்ணால் காண்பதை அன்றி அனுமானத்தை ஏற்கமாட்டேன் என்னும் பூதவாதியிடம் (உலகம் பூதங்களின் சேர்க்கையே என்பவரிடம்), உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அன்றி வேறெப்படி அறிந்தாய் என்று அவள் திருப்பிக் கேட்கும் இடத்தைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். பெற்றோரை நாம் அறிவது அனுமானத்தாலா, பிறர் சொன்ன உரையாலா என்று வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதாட விடலாம். மணிமேகலை சொன்னது பிழை என்று ஒரு பிள்ளை எழுந்து நின்றால் அதன் காரணத்தை முழுவதும் சொல்லி முடிக்க விடுங்கள்.